லப்போர்த் என்ற குடும்பப் பெயர்: யூரோ கோப்பைக்காரருக்கும் நம்ம வீதிக்கும் உறவு உண்டா?

கடற்கரைச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

2024 யூரோ கோப்பை இறுதி ஆட்டம் ஜூலை 14ஆம் தேதி நடந்தது. புதுச்சேரியில் நமக்கு அன்று பாஸ்தீய் தினம், அதாவது பிரெஞ்சு தேசிய தினம் வேறு. காலையில் கடற்கரையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் சொல்தா தாத்தாக்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) மெடல் குத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தோம். ராத்திரி பன்னிரண்டரைக்கு மொட்டைமாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஸ்பெயின் - இங்கிலாந்து ஆட்டம். ஸ்பெயின் 2-1 என்று ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். நான் கேட்க வந்தது வேறு.

ஸ்பெயின் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் முதுகில் லப்போர்த் என்று எழுதியிருந்தது. என் அக்கா பையனுக்குப் பத்து வயசு. "மாமா, இவரு நம்ம லப்போர்த் வீதிக்காரரா?" என்றான். மாடியே சிரித்தது. பையன் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ அன்றிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த வீதி யார் பெயரில் இருக்கிறது? அந்தப் பெயரில் உலகத்தில் வேறு யார் யார் பேர் வாங்கியிருக்கிறார்கள்? இவர்களுக்குள் உறவு ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பையனுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டை

தம்பி, பையன் கேட்டதில் அசட்டுத்தனம் ஒன்றும் இல்லை. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வீதிப் பெயரின் கதை தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

நம்ம ஊர் லப்போர்த் ஒரு தமிழர். பொன்னுத்தம்பி பிள்ளை, வக்கீல். 1873இல் காலில் ஐரோப்பிய பூட்ஸும் காலுறையும் மாட்டிக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்திய வக்கீல் அப்படி வரக்கூடாது என்பது அப்போதைய வழக்கம். வெள்ளைக்கார வக்கீல் என்ன போட்டு வந்தாலும் கேள்வி கிடையாது. நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்த்திருப்பார்கள். இவர் விடவில்லை. செருப்பு விவகாரத்தை பாரீஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய் ஜெயித்தார். அங்கே அவருக்காக வாதாடியவர் ஜூல் கொதேன். பின்னால் 1876இல் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகவே பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர்.

அப்புறம் 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை. 21 வயதான இந்தியர் யாராக இருந்தாலும், எந்தச் சாதி, எந்த மதமானாலும், தங்களுக்கென்று இருந்த வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக ஒரு பத்திரத்தில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் பெண்டாட்டி, மைனர் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் பிரெஞ்சுச் சிவில் சட்டம்தான். திரும்பி வர வழி கிடையாது. இவர்களைத்தான் ரெனோன்சான் என்கிறோம். துறந்தவர்கள்.

அந்தப் பத்திரத்திலேயே, தனக்கும் தன் வம்சத்துக்கும் இனி என்ன குடும்பப் பெயர் என்பதையும் எழுத வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளை எழுதிய பெயர் லப்போர்த். பிரெஞ்சில் கதவு, வாசல் என்று அர்த்தம். முதலில் கதவைத் திறந்தவர் என்பதால் அப்படி வைத்துக்கொண்டார் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆக, அந்தப் பெயர் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்ததில்லை. அவரே எடுத்துக்கொண்டது. கால்பந்துக்காரரோடு ரத்த உறவு இருக்க வழியில்லை. பையனிடம் சொல்லுங்கள், ஆனால் நல்ல கேள்வி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்

கடலூரிலிருந்து எழுதுகிறேன், எங்களுக்கு இந்த பிரெஞ்சு வாசனை கொஞ்சம் தூரம்தான். ஆனால் விளையாட்டு விஷயம் என்றால் நான் வந்தாக வேண்டும்.

நீங்கள் பார்த்தவர் எமெரிக் லப்போர்த். 1994இல் பிரான்சில் அஜான் என்ற ஊரில் பிறந்தவர். பிரான்சின் இளையோர் அணிகளில் ஆடினார், பெரிய அணியில் இடமே கிடைக்கவில்லை. 2021இல் ஸ்பெயின் குடியுரிமை வாங்கி அந்த அணிக்கு வந்தார். நடுவில் மான்செஸ்டர் சிட்டி. இறுதி ஆட்டத்தில் அவர் பக்கத்தில் நின்ற ல நோர்மானும் பிரான்சில் பிறந்தவர்தான். ஸ்பெயினின் நடுத் தடுப்பு இரண்டுமே பிரெஞ்சுக்காரர்கள் என்று அன்றைக்கு வர்ணனையாளர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

ரக்பியில் பெர்னார் லப்போர்த். 1999 முதல் 2007 வரை பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர், அப்புறம் அந்த நாட்டு விளையாட்டுத் துறைக்கே அமைச்சரானார்.

எனக்குப் பிடித்தவர் இவர்கள் இரண்டு பேரும் இல்லை, குத்துச்சண்டைக்காரர் ஹுவான் லப்போர்த். போர்ட்டோ ரிக்கோக்காரர். 1980இல் உலக சாம்பியனாக இருந்த சால்வடோர் சான்செஸிடம் பதினைந்து சுற்றும் தாக்குப்பிடித்துத் தோற்றார். 1982 ஆகஸ்டில் சான்செஸ் கார் விபத்தில் இறந்துபோனார். காலியான அந்தப் பட்டத்தை அதற்கடுத்த மாதமே ஜெயித்தவர் இந்த லப்போர்த். தன்னை அடித்தவனின் நாற்காலியில் அவன் செத்த பிறகு உட்காருவது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 1984இல் வில்ஃப்ரெடோ கோமஸிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார்.

நெல்லித்தோப்பு

எல்லாம் ஆட்டக்காரர்களாகவே வருகிறார்களே. கனடாவில் ஒருவர் இருந்தார், அவர் கதை வேறு மாதிரி.

பியேர் லப்போர்த். கியூபெக் மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சர், அதற்கு முன் பத்திரிகையாளர். 1970 அக்டோபரில் பிரிவினை கேட்ட குழு ஒன்று அவரைக் கடத்தியது. 17ஆம் தேதி ஒரு கார் டிக்கியில் பிணமாகக் கிடைத்தார். கனடா வரலாற்றில் அதை அக்டோபர் நெருக்கடி என்றே சொல்கிறார்கள். கியூபெக் நகரத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் இருக்கும் பெரிய தொங்கு பாலத்துக்கு அவர் பெயர்தான்.

இதே பியேர் லப்போர்த் என்ற பெயரில் முன்னூறு வருஷத்துக்கு முந்தி இன்னொருவரும் உண்டு. தெற்கு பிரான்சின் மலைப்பகுதியில் பதினான்காம் லூயியை எதிர்த்துக் கிளம்பிய புராட்டஸ்டண்டு விவசாயிகளின் தலைவர்களில் ஒருவர். ரோலான் என்ற பட்டப்பெயரில்தான் அவரைத் தெரியும். 1704இல் கொல்லப்பட்டார், வயது 24.

அந்தக் கிளர்ச்சி நடந்தபோது நம்ம ஊரில் யார் இருந்தது தெரியுமா? பிரான்சுவா மார்த்தேன். 1706இல் இங்கேயே இறந்தார். பிரான்சில் மார்த்தேன் என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர். நம்ம ஊரை உண்டாக்கியவருக்கு அங்கே எல்லாரும் வைத்திருக்கிற பெயர், நம்மவர் எடுத்துக்கொண்டதோ இங்கே யாருக்கும் இல்லாத பெயர்.

சைகோன்_பேரன்

அக்கா சொன்ன கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. லப்போர்த் பிரான்சில் ஒன்றும் அபூர்வமான பெயர் கிடையாது, அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு லப்போர்த் இருப்பார். புதுச்சேரியில்தான் அது அபூர்வம்.

எங்கள் வீடு ரெனோன்சான் வீடு. தாத்தாவின் அப்பா பத்திரம் எழுதிக் கொடுத்தவர், தாத்தா அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த வியட்நாமில், சைகோனில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பப் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நேராக வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம், ஊரில் அவ்வளவு பேர்தான் இருக்கிறோம்.

அந்தப் பத்திரத்தின் நகல் ஒன்று அத்தை வீட்டு பீரோவில், புடவைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பழுப்புக் காகிதம், மடித்த இடமெல்லாம் இற்றுப்போய் செலோடேப் ஒட்டியிருக்கும். சாய்வெழுத்தில் பிரெஞ்சு. மேலே பழைய பெயர்: இன்னாரின் மகன் இன்னார் என்று தமிழ்ப் பெயர்களை பிரெஞ்சு எழுத்தில் நீட்டி நீட்டி எழுதியிருப்பார்கள். கீழே புதிய பெயர். அதற்கும் கீழே கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து தமிழில். அந்தப் புதிய பெயரில் அவர் கையெழுத்துப் போடவில்லை, போடத் தெரிந்ததா என்றும் தெரியாது. பழைய பெயரில் ஒப்பம் வைத்துப் பழைய பெயரை விட்டிருக்கிறார். சின்ன வயசில் அத்தை காட்டும்போதெல்லாம் நான் அந்தக் கையெழுத்தைத்தான் பார்ப்பேன்.

வீட்டில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டுக்கொள்ள மாட்டோம். பென்ஷன் கடிதத்திலும் கல்லறையிலும்தான் அது இருக்கும். தெருவில் நாங்கள் சொல்தா வீடு.

இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டார் துறக்காதவர்கள், ஆனால் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு கொடுத்த ஆறு மாத கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, நம்மைப்போல அப்பா பெயர் முன்னெழுத்து. படிவத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். ஒரு அலுவலகத்தில் அப்பா பெயரை முதல் கட்டத்தில் போட்டார்கள், இன்னொன்றில் மகன் பெயரை. கடைசியில் தாத்தா ஒரு குடும்பம், அப்பா ஒரு குடும்பம், பேரன் ஒரு குடும்பம். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே சோறு சாப்பிடுகிறார்கள். இதைச் சரிசெய்ய அவர்கள் அலைந்த அலைச்சலைப் பார்த்த பிறகு, கொள்ளுத்தாத்தா ஒரே பெயராக எழுதிவைத்துவிட்டுப் போனதற்கு நான் கும்பிடு போட்டேன்.

தேவனாம்பட்டினம்

எல்லாம் சரி. ஆனால் ஒரு தமிழர் தன் பெயரை விட்டு பிரெஞ்சுக்காரன் பெயரை எடுத்துக்கொண்டதைப் பெருமையாகப் பேசுகிறீர்களே, அது எனக்கு உறுத்துகிறது. பூட்ஸ் போட உரிமை கேட்டது சரி. பெயரையும் ஏன் கழற்ற வேண்டும்?

முத்தியால்பேட்டை

தேவனாம்பட்டினம் ஐயா, இதே கேள்வியை அன்றைக்கே கேட்டவர்கள் இருந்தார்கள். சண்முக வேலாயுத முதலியார் என்று பெரிய அரசியல் தலைவர், அந்தக் காலத்துப் புதுச்சேரி அவர் கையில்தான். வழக்கத்தையும் சாதி முறையையும் விடக்கூடாது என்கிற கூட்டம் அவர் பின்னால் நின்றது. துறந்தவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த பகை கொஞ்சநஞ்சமில்லை. 1884இல் வாக்காளர் பட்டியலையே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். 1899 வரை அப்படித்தான் ஓடியது.

ஆனால் பொன்னுத்தம்பி எதைக் கழற்றினார் என்பதையும் பாருங்கள். பிள்ளை என்ற வாலையும் சேர்த்துத்தானே போட்டார்? துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் அதிகம். சேரிப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அந்தப் பத்திரத்தில் புதுப் பெயர் எழுதும் வரி எவ்வளவு பெரிய வரி என்று யோசியுங்கள். சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொல்லிச் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். இது அதற்கு 48 வருஷம் முந்தி.

துறந்ததால் சாதி போய்விட்டது என்று நான் சொல்லவரவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் எல்லாம் வெளியே வரும். சைகோன் பேரன் தம்பிக்குத் தெரியும்.

சைகோன்_பேரன்

தெரியும். அதை இங்கே கிளற வேண்டாம்.

தேவனாம்பட்டினம்

ஒத்துக்கொள்கிறேன், பிள்ளை விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் மறுபக்கம் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன், ஏனென்றால் அது எங்கள் கடலூர் மாவட்டத்துப் பெயர்.

கரீபியன் கடலில் குவாதலூப் என்று பிரெஞ்சுத் தீவு. 1854 டிசம்பரில் இருந்து இந்தியர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு 1863இல் அங்கே பிறந்த பிள்ளை ஒருவர் பெயர் ஆன்றி சிதம்பரோம். சிதம்பரம்தான், பிரெஞ்சு நாக்கில் கடைசி எழுத்து கொஞ்சம் உருண்டுவிட்டது. அங்கே பிறந்த இந்தியர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே, ஓட்டுப் போட உரிமை உண்டு என்று 1904இல் வழக்கில் இறங்கினார். 1923 வரை விடவில்லை. ஜெயித்தார்.

இங்கே ஒருவர் பெயரை விட்டு உரிமை வாங்கினார். அங்கே ஒருவர் சிதம்பரம் என்ற பெயரோடேயே வாங்கினார். யார் செய்தது சரி என்று கேட்கவில்லை. உங்கள் பட்டியலில் எங்கள் சிதம்பரத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பம்

நம்ம ஊர்க்காரர் ஆரம்பித்துவிட்டார். இனி நிற்காது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு ரீயூனியனில் விராப்பூலே என்று ஒரு அரசியல்வாதி: ழான் போல் விராப்பூலே, சேன் ஆந்த்ரே ஊரின் மேயர், பிரான்ஸ் செனட் உறுப்பினராகவும் இருந்தவர். பெயரைப் பிரித்துப் பாருங்கள், வீரப்பிள்ளை. பிள்ளையைப் பிரெஞ்சுக் குமாஸ்தா பூலே ஆக்கினார், ஆங்கிலக் குமாஸ்தா பில்லே ஆக்கினார். ஐநா மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பில்லே தென்னாப்பிரிக்கத் தமிழர் இல்லையா, அந்தப் பில்லேதான். ஆனந்தரங்கப் பிள்ளையும் பழைய பிரெஞ்சுக் காகிதங்களில் பூலேதான். ஒரே சொல். எந்த மேசையில் எந்தக் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு குடும்பமாகிவிட்டது.

நெல்லித்தோப்பு

குமாஸ்தாவை மட்டும் சொல்லாதீர்கள், நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குபேர் மார்க்கெட் என்கிறோமே, அது எந்தக் குபேரன்?

எதுவார் கூபேர். தகப்பன் பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியர். 1951இல் பிரான்ஸ் நாடாளுமன்றத்துக்குப் போனவர், அப்புறம் இந்தியாவோடு சேரும் பக்கம் மாறினார், 1963இல் புதுச்சேரியின் முதலமைச்சர் ஆனார். அவரை நாம் தமிழ்க் குபேரன் ஆக்கி, மீனும் கத்தரிக்காயும் விற்கும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தோம். வெளியூர்க்காரர்கள் பணக் கடவுள் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். என் மாமியார் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார், நான் திருத்தவில்லை.

அந்தக் குடும்பப் பெயரிலும் பிரான்சில் ஒரு பெரிய ஆள் உண்டு. பியேர் கூபேர், வரலாற்று ஆசிரியர். 1915இல் பிறந்து 2012இல் இறந்தார். ராஜாவை விட்டுவிட்டுப் பதினேழாம் நூற்றாண்டு விவசாயிகளின் ஞானஸ்நான, சாவுப் பதிவேடுகளை எண்ணி எண்ணி வரலாறு எழுதியவர். பெயர்ப் பதிவேட்டில் வாழ்க்கையைக் கழித்தவர் இந்த இழைக்குப் பொருத்தம்தானே?

நிர்வாகி

தலைப்பு லப்போர்த். சிதம்பரோம் வரைக்கும் விட்டோம், குபேரன் வரைக்கும் விட்டோம். சாம்பார் வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருசுக்குப்பம்

தலைப்புக்கே வருகிறேன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் லப்போர்த் என்று ஓர் ஊரே இருக்கிறது, அவர்கள் லபோர்ட் என்பார்கள். அடர்ந்த காட்டுக்கு நடுவே வழிவிட்ட மாதிரி ஒரு திறப்பு இருந்ததாம், வியாபாரிகள் அந்த வழியாகத்தான் வருவார்கள், அதனால் வாசல். இத்தாலியில் டெல்லா போர்த்தா என்பதும் இதே சொல். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தை 1590இல் கட்டி முடித்த ஜாக்கமோ டெல்லா போர்த்தா அந்த வகை. ஊர் வாசலில் குடியிருந்தவன், கோட்டைக் கதவுக்குக் காவல் நின்றவன் என்று ஆங்காங்கே தனித்தனியாக ஒட்டிக்கொண்ட பெயர் இது. ஐரோப்பாவிலேயே லப்போர்த்துகள் எல்லாம் ஒரே வம்சம் கிடையாது. வடக்கு வாசல், கீழ வாசல் என்று நம்ம ஊர்களில் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

அதனால் பொன்னுத்தம்பி ஒருவர்தான் தெரிந்தே அந்த வாசலில் போய் நின்றவர் என்று எனக்குப் படுகிறது. மற்றவர்கள் பிறக்கும்போதே உள்ளே இருந்தவர்கள்.

கடற்கரைச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பையனைச் சைக்கிளில் உட்கார வைத்து லப்போர்த் வீதிக்கே கூட்டிக்கொண்டு போனேன். பூட்ஸ் கதை சொன்னேன். அவனுக்குப் பாரீஸும் ஆணையும் ஏறவில்லை. "காலுறையையுமா கழட்டச் சொன்னாங்க?" என்று அதையே மூன்று தடவை கேட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் காலுறை போடாமல் போனால்தான் வெளியே நிற்க வைப்பார்கள், அவனுக்கு அது தலைகீழாக இருந்திருக்கிறது.

குத்துச்சண்டைக்காரர் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. கடத்தப்பட்ட அமைச்சர் கதையை நான் சொல்லவில்லை.

இப்போது புதுத் தலைவலி. ஜெர்சி வேண்டுமாம், முதுகில் லப்போர்த் என்று தமிழில் அச்சடிக்க வேண்டுமாம். கால்பந்துக்காரர் பெயரா, வக்கீல் பெயரா என்று கேட்டேன், ரெண்டும் என்கிறான். 'ப்' போட்டு எழுத வேண்டுமா, லபோர்த் போதுமா என்று அக்காவுக்கும் மச்சானுக்கும் நேற்று ராத்திரி சண்டை.

முத்தியால்பேட்டை

'ப்' போட்டே எழுதச் சொல்லுங்கள் தம்பி. நாங்கள் சின்ன வயசிலிருந்து அழுத்தித்தான் சொல்கிறோம்.

மஞ்சக்குப்பம்

ஜெர்சி அச்சடிக்கிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார். புள்ளி வைத்த எழுத்தையும் தனியாகத்தான் எண்ணுவார். கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.